மலைக் குளிரில் மதியச் சோறு

ஊட்டியில் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிப்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால், 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குன்னூரில் ஓரிரு டிகிரி கூடுதல், அவ்வளவுதான். கீழே மேட்டுப்பாளையம், காரமடைப் பக்கமிருந்து கல்யாணமாகி மலைக்கு வந்த பெண்கள், "இந்த ஊர்ல பருப்பே வேக மாட்டேங்குது" என்று அழுதது இதனால்தான். மாமியார்கள் மருமகளைக் குறை சொன்னார்கள். மருமகள் விறகைக் குறை சொன்னாள். பிரஷர் குக்கர் வந்த பிறகுதான் பல வீடுகளில் அந்தச் சண்டை ஓய்ந்தது.

மதியத்துக்குக் கட்டிக் கொடுக்கும் சோற்றுக்கும் இந்தக் கணக்கு உண்டு. பாத்திரத்தை மூடும்போதே சூடு சமவெளியைவிடக் குறைவு. அதற்கு மேல் வெளிக்குளிர். ஒரு பொருள் எவ்வளவு வேகமாக ஆறும் என்பது, அதற்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. கோயம்புத்தூரில் காலை 25 டிகிரி என்றால், 50 டிகிரியில் இருக்கும் சாம்பாருக்கும் காற்றுக்கும் வித்தியாசம் 25. மார்கழியில் இங்கே காலை 8 டிகிரி என்றால் அதே சாம்பாருக்கு வித்தியாசம் 42. தலைக்குந்தா, காந்தல் பக்கம் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படியும் நாட்களில் இன்னும் மோசம். காலை ஏழு மணிக்குக் கட்டிய கேரியரை மதியம் பன்னிரண்டரைக்குத் திறந்தால், உள்ளே இருப்பது வெறும் ஆறிய சோறு அல்ல, விறைத்த சோறு.

சமவெளிக்காரர்களுக்கு இது எளிதில் புரியாது. நம் தமிழ்ச் சமையலில் கட்டுச்சோறு என்பதே சூட்டை எதிர்பார்க்காத சாப்பாடு. புளியோதரை, தயிர் சாதம், எலுமிச்சைச் சாதம் எல்லாம் ஆறிய பிறகுதான் ருசி. அவை வெயிலில் கெடாமல் இருக்கப் பிறந்தவை. மலையில் கெடும் பயம் குறைவு, வேறு தொல்லைகள் அதிகம். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். அதில் தாளித்த பொரியல் மதியம் மெழுகு பூசியது போலிருக்கும். நெய் விட்ட பருப்பும் அப்படியே. சோறு ஆறி விறைத்தால் பருக்கை பருக்கையாக உதிரும், தொண்டையில் இறங்காது. மறுபடி சூடு காட்டினால் மட்டுமே இளகும். பழைய சோறாவது சாப்பிடலாம் என்றால், இந்தக் குளிரில் அது சரியாகப் புளிப்பதும் இல்லை.

ஆகவே இங்கே வந்து வேலை பார்த்தவர்கள் எல்லாருக்கும் ஒரு கேள்வி இருந்தது: மதியம் வரை சூட்டை எப்படிக் காப்பது?

முதலில் கேரியரைச் சொல்ல வேண்டும். என் சிறு வயதில் எல்லாம் பித்தளைதான். உள்ளே ஈயம் பூசியிருக்கும். ஈயம் போய்விட்டால் புளிக்குழம்பு பட்ட இடத்தில் பச்சையாகக் களிம்பு ஏறும். வருஷத்துக்கு ஒருமுறை துருத்தியும் நவச்சாரமுமாக ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வருவார். பிறகு அலுமினியம், அதன் பிறகு எவர்சில்வர். 1980களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலையில் துருப்பிடிக்காத தகடு உருட்டத் தொடங்கிய பிறகு, பித்தளைக் கேரியர் பரணுக்குப் போயிற்று. "எவர்சில்வரில் சூடு நிற்கும்" என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். அதில் பெரிய உண்மை இல்லை. அவ்வளவு மெல்லிய தகட்டில் எந்த உலோகமாக இருந்தாலும் வித்தியாசம் சொற்பம். சூடு வெளியேறுவது பாத்திரத்தின் மேற்பரப்பிலிருந்து காற்றுக்கு. அதைத் தடுப்பது தகடு அல்ல, அதன் மேல் சுற்றிய துணி.

அடுக்குக் கேரியரிலேயே ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது. நான்கு கிண்ணத்தைத் தனித்தனியே வைத்தால் நான்கும் ஆறும். ஒன்றன் மேல் ஒன்றாக இறுக்கினால் நடுவில் உள்ளவை மேலும் கீழும் காப்பு பெறும். அதனால் என் அம்மா சாம்பாரை நடு அடுக்கில்தான் வைப்பார். அடியில் சோறு, உச்சியில் ஊறுகாயோ மோரோ. கட்டுவதற்கு முன் ஒவ்வொரு கிண்ணத்திலும் கொதிநீர் ஊற்றி, ஐந்து நிமிஷம் வைத்துக் கொட்டுவார். குளிர்ந்த பாத்திரம் முதலில் சாப்பாட்டின் சூட்டைத்தான் குடிக்கும். பிறகு பழைய கம்பளித் துண்டைச் சுற்றிப் பைக்குள் இறக்குவார். பௌதிகம் படித்தவர் அல்ல. செய்தது எல்லாம் பௌதிகம்.

இதே அறிவு உலகின் குளிர்நாடுகளில் எல்லாம் இருந்திருக்கிறது. 1867ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் நார்வேக்காரர் ஒருவர் 'தானே சமைக்கும் பெட்டி' என்று ஒன்றை வைத்தார். உள்ளே காப்புத் துணி திணித்த மரப்பெட்டி. கொதிக்கும் பாத்திரத்தை அதற்குள் வைத்து மூடினால் மேற்கொண்டு விறகில்லாமல் மணிக்கணக்கில் வெந்துகொண்டிருக்கும். வீடுகளில் துணிக்குப் பதில் வைக்கோலைத் திணித்தார்கள், 'வைக்கோல் பெட்டி' என்று பெயர் நிலைத்தது. முதல் உலகப் போரில் பின்வரிசையில் சமைத்ததைப் பதுங்குகுழிகளுக்குச் சூடாகக் கொண்டுபோக இந்த மாதிரிப் பெட்டிகளைத்தான் பயன்படுத்தினார்கள். இரண்டாம் போரின்போது பிரிட்டனில் எரிபொருள் தட்டுப்பாட்டுக்காக வீட்டுக்கு வீடு செய்துகொண்டார்கள்.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வேறு வழி. நம் சோமாசியைப் பெரிதாக்கினால் எப்படியோ அப்படி ஒரு பண்டம், பேஸ்டி என்று பெயர். உள்ளே இறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம். கெட்டியான மாவுதான் அதற்குக் கேரியர். யாருடையது என்று தெரிய ஓரத்தில் பெயரின் முதலெழுத்தை மாவிலேயே ஒட்டியிருப்பார்கள். அந்த ஊர்ச் சுரங்கங்கள் நொடித்தபோது அவர்கள் அமெரிக்காவின் மிச்சிகன் செம்புச் சுரங்கங்களுக்கும், இந்தப் பக்கம் கோலார் தங்கவயலுக்கும் போனார்கள். கோலாரில் அவர்களோடு சுரங்கத்தில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் நம் வட ஆர்க்காட்டுத் தமிழர்கள். அங்கே நிலத்துக்கு அடியில் தகிக்கும் வெப்பம், சோற்றைச் சூடாக்கும் கவலை இல்லை. மிச்சிகனில் பனி. அங்கே மண்வெட்டித் தகட்டில் பேஸ்டியை வைத்து அடியில் மெழுகுவர்த்தியைக் காட்டிச் சூடாக்கிச் சாப்பிட்டார்கள். அமெரிக்கச் சுரங்கக்காரர்களின் சாப்பாட்டு வாளியையும் சொல்ல வேண்டும். அடியில் தேநீர், அதன் மேல் தட்டில் உணவு. தேநீரின் ஆவி மேலே உள்ளதைக் கதகதப்பாக வைக்கும். நம் இட்லிப் பானையின் தத்துவம்தான்.

பம்பாய் டப்பாவாலாக்களின் வழி இன்னொரு விதம். 1890 வாக்கில் தொடங்கிய அந்த ஏற்பாட்டில் சூட்டைக் காக்கும் கருவி என்று எதுவும் இல்லை. வீட்டில் நிதானமாகச் சமைத்து முடித்த பிறகு எடுத்துக்கொண்டு, ரயிலில் பறந்து, பன்னிரண்டரைக்குள் சேர்த்துவிடுவார்கள். நேரத்தைச் சுருக்கியதே காப்பு. மலையில் அது நடக்காது. ஒரு பள்ளத்தில் வீடு, மூன்று மேடு தாண்டி ஆலை, இடையில் எப்போது வரும் என்று தெரியாத பஸ்.

பிளாஸ்க் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். லண்டனில் ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி 1892இல் அதைச் செய்தது காபிக்காக அல்ல. திரவமாக்கிய வாயுக்களைக் குளிர் குறையாமல் வைக்க, இரட்டைச் சுவர்க் குடுவை செய்து இடையிலுள்ள காற்றை உறிஞ்சி எடுத்தார். காப்புரிமை வாங்கவில்லை. பெர்லினைச் சேர்ந்த ரெயின்ஹோல்ட் பர்கர் என்ற கண்ணாடிக் கலைஞர் அதற்கு உலோகக் கூடு போட்டு 1903இல் உரிமம் பெற்றார், அடுத்த வருஷம் 'தெர்மாஸ்' நிறுவனம் வந்தது. டூவர் வழக்குப் போட்டுத் தோற்றார். கண்ணாடி பிளாஸ்க் நம் வீடுகளுக்கு வந்தபோது அது ஆஸ்பத்திரிக்கும் கைக்குழந்தைப் பாலுக்கும் என்றே ஒதுக்கப்பட்டது. கீழே போட்டால் 'சலசல' என்று உள்ளே ஒரு சத்தம் கேட்கும், அதோடு முடிந்தது. தவிர, அதன் கழுத்து குறுகல். காபி போகும், ரசம் போகும், சோறு போகாது. சோறு தின்கிற நாட்டுக்குப் பாதி உதவிதான்.

இத்தனை கருவியும் யாருக்குத் தேவைப்பட்டது என்று பார்த்தால், வேலை செய்யும் இடத்தில் அடுப்பு இல்லாதவர்களுக்குத்தான். அதிகாரி மதியம் ஜீப்பில் பங்களாவுக்குப் போய்ச் சாப்பிடுவார். ரயில் என்ஜினில் வேலை பார்த்தவருக்குத் தீ பக்கத்திலேயே இருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899இலும், அங்கிருந்து ஊட்டிக்கு 1908இலும் வந்த நம் மலை ரயிலில், குளிர்காலத்தில் சூடான சாப்பாட்டுக்குக் கவலைப்படாதவர்கள் டிரைவரும் ஃபயர்மேனும்தான். நேர் எதிர், அருவங்காடு மாதிரி வெடிமருந்து ஆலை. அங்கே ஒரு தீப்பெட்டி உள்ளே போவதே குற்றம். வேலை செய்யும் இடத்தில் கங்கு மூட்டிச் சோற்றைக் காய்ச்சுவது நினைத்தும் பார்க்க முடியாத காரியம்.

நான் டைம் ஆபீசில் வேலை பார்த்த ஆலை இவ்வளவு பெரியதல்ல. இருநூறு சொச்சம் பேர். பெயர் வேண்டாம். அங்கே பாய்லர் ரூமிலிருந்து ஆலைக்குள் நீராவிக் குழாய் போகும். காலையில் வந்ததும் எல்லாரும் கேரியரை அந்தக் குழாயின் மேல் வரிசையாக வைப்பார்கள். அடையாளத்துக்குப் பிடியில் சிவப்புத் துணி, நீல நாடா, ஒருவர் தாயத்துக் கயிறே கட்டியிருந்தார். குழாயைச் சுற்றிக் கல்நார் பட்டை. அது நுரையீரலுக்கு எமன் என்று அப்போது எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதன் மேல்தான் சோற்றை வைத்துத் தின்றோம்.

பாய்லர் பார்த்தவர் எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். நான் சேர்ந்த புதிதில் எட்டு மணிக்கே கேரியரைக் குழாயில் வைக்கப் போனபோது தடுத்தார்.

"தம்பி, இப்ப வெக்காத. பதினோரு மணிக்கு வந்து வெய்யி."

"ஏண்ணே, இப்பவே வெச்சா நல்லாச் சூடா இருக்குமில்ல?"

"சூடா இருக்காது, வெதுவெதுன்னு இருக்கும். காலையில இருந்து வெதுவெதுன்னு இருந்த பருப்பு மத்தியானம் நூல் விட்டுரும். ஒண்ணு கொதிக்கணும், இல்ல குளிரணும். நடுவால நிக்கக் கூடாது."

உணவுப் பாதுகாப்பு நூல்களில் இன்று இதைத்தான் எழுதியிருக்கிறார்கள். 60 டிகிரிக்கு மேல் வை, அல்லது 5 டிகிரிக்குக் கீழ் வை. இடைப்பட்டதில் கிருமி பெருகும். வெந்த சோற்றிலும் சாகாமல் தங்கியிருக்கும் விதைகளைக் கொண்ட கிருமியும் உண்டு. அண்ணன் ஐந்தாம் வகுப்பு.

எழுபதுகளின் நடுவில் ஒரு டிசம்பர் மாதம் நிர்வாகம் அறிவிப்பு ஒட்டியது: பாய்லர் ரூமிலும் குழாய்களின் மேலும் சாப்பாட்டுப் பாத்திரங்கள் வைக்கக் கூடாது. காரணம் பாதுகாப்பு. அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பன்னிரண்டரை மணிக்கு நூறு பேர் பாய்லர் ரூமுக்குள் முண்டியடிப்பது ஆபத்துதான். ஆனால் மாற்று ஏற்பாடு எதுவும் சொல்லவில்லை. ஒரு வாரம் எல்லாரும் விறைத்த சோறு சாப்பிட்டார்கள். சிலர் சாப்பிடாமல் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோனார்கள். சம்பள உயர்வுக்குக்கூட அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை.

சங்கத்தார் சட்டப் புத்தகத்தை எடுத்தார்கள். 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம், 46ஆம் பிரிவு: 250 பேருக்கு மேல் இருந்தால் அரசு விதி செய்து கேன்டீன் வைக்கச் சொல்லலாம். நாங்கள் அந்தக் கணக்கில் வரவில்லை. 47ஆம் பிரிவு: 150 பேருக்கு மேல் இருந்தால், தொழிலாளிகள் கொண்டுவரும் உணவை உண்ண ஓர் அறை வேண்டும், குடிநீர் வேண்டும். அப்படி அறை இருந்தால் வேலை செய்யும் இடத்தில் உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது. எல்லாம் சரி. சூடு செய்ய வசதி வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு வார்த்தை இல்லை. சமவெளியை மனதில் வைத்து எழுதிய சட்டம் என்று எனக்கு அன்றே தோன்றியது, இன்றும் தோன்றுகிறது.

கடைசியில் வழி சொன்னது சட்டம் அல்ல, ஒரு ஃபிட்டர். சாப்பாட்டு அறையில் முழங்கால் உயரத்துக்கு ஒரு இரும்புத் தொட்டி. அதில் ஒரு சாண் தண்ணீர். அடியில் நீராவிக் குழாய் வளைந்து போகும். கேரியர்களைத் தண்ணீரில் நிறுத்தி வைக்கலாம். பாய்லர் ரூமுக்குள் யாரும் நுழைய வேண்டாம். பழைய இரும்பிலேயே செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். நிர்வாகம் ஒத்துக்கொண்டது, பொங்கலுக்கு முன் தொட்டி வந்தது. ஒரே நிபந்தனையைப் பாய்லர் அண்ணன் போட்டார்: பதினோரு மணிக்கு முன் யாரும் கேரியரை இறக்கக் கூடாது. தொட்டி வந்த பிறகு எங்கள் வீட்டில் கம்பளித் துண்டு சுற்றுவதை நிறுத்தினார்கள். அம்மா எழுந்திருக்கும் நேரமும் நாலரையிலிருந்து ஐந்தேகாலுக்கு மாறிற்று. அத்தனை நாள் அந்தச் சூட்டுக்கு யாருடைய தூக்கம் செலவாகியது என்று அப்போதுதான் எனக்குக் கணக்குத் தெரிந்தது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் எப்படித் தீர்ந்தது என்பதற்குக் கொரியாவைச் சொல்வேன். அங்கே ஒரு தலைமுறை முழுவதும் நினைவு வைத்திருக்கும் காட்சி இது: வகுப்பின் நடுவில் கரியடுப்பு, அதன் மேல் பிள்ளைகளின் தகரச் சாப்பாட்டுப் பெட்டிகள் கோபுரமாக. அடியில் இருப்பது தீயும், உச்சியில் இருப்பது ஆறியே இருக்கும். அதனால் பாடத்தின் நடுவே இடம் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். அரிசிப் பற்றாக்குறை இருந்த அறுபது, எழுபதுகளில் அரசு கலப்புத் தானியம் சாப்பிடச் சொன்னது. பெட்டியைத் திறந்து பார்லி கலந்திருக்கிறதா என்று ஆசிரியர் சோதிப்பார். சூடு செய்யப் பொதுவாக ஓர் அடுப்பு இருந்தது. ஆனால் பெட்டியே கொண்டுவர முடியாத பிள்ளைக்கு அடுப்பு இருந்து என்ன பயன்?

நம் ஊரில் அந்த இடத்திலிருந்துதான் தொடங்கினார்கள். காமராஜர் 1956இல் கொண்டுவந்த மதிய உணவும், எம்.ஜி.ஆர். 1982 ஜூலையில் தொடங்கிய சத்துணவும் பெட்டியையே தேவையில்லாமல் செய்தன. சமையலைப் பள்ளிக்கூடத்துக்கே கொண்டுபோய்விட்டால் ஆறுவதற்கு நேரமே இல்லை. பல மாநிலங்கள் வெறும் தானியத்தை அளந்து கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் 'சமைத்த உணவு' கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது: குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், வருஷத்தில் 200 நாள். மலைக் கிராமத்துப் பள்ளியில் ஜனவரி மாதம் அந்தத் தட்டிலிருந்து ஆவி எழுவதைப் பார்த்தவர்களுக்கு, 'சமைத்த' என்ற சொல்லுக்கு எவ்வளவு கனம் என்று தெரியும்.

தேயிலைக்கு வருவோம். ஆலைக்காரனுக்கு நீராவி இருந்தது, பிள்ளைக்குச் சத்துணவு வந்தது. கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு? தூக்குப் போசியில் சோறோ களியோ கொண்டுவந்து, செடியடியில் வைத்துவிட்டுக் கூடையை மாட்டிக்கொள்வார். பனியில் நனைந்த செடி, நனைந்த சேலை, நனைந்த மண்ணில் போசி. அவருக்குக் கட்டிக்கொடுக்க வீட்டில் யாரும் இல்லை. அவரேதான் நாலு மணிக்கு எழுந்து எல்லாருக்கும் கட்டிவிட்டுத் தனக்கும் கட்டிக்கொண்டு வந்தவர். 1951ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டப்படி 150 பேருக்கு மேல் வேலை செய்யும் தோட்டத்தில் கேன்டீன் வேண்டும் என்று இருந்தது. பெரிய எஸ்டேட்டுகளில் அது வந்தது. ஆனால் 500 ஏக்கர் சரிவில் கேன்டீன் ஓரிடத்திலும் கொழுந்து வேறிடத்திலும் இருந்தால், ஒரு மணி நேர இடைவேளையில் இறங்கி ஏறுவதற்குள் மணி அடித்துவிடும். தவிர, 25 ஏக்கருக்குக் குறைவான தோட்டங்களை அந்தச் சட்டம் தொடவே இல்லை. பின்னால் வரம்பைக் குறைத்தார்கள். ஆனால் நீலகிரியில் ஆயிரக்கணக்கான சிறு விவசாயிகளிடம் இருப்பது ஓரிரண்டு ஏக்கர்தான். அங்கே கூலிக்குப் பறிப்பவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த நம் மக்கள் பலர் டான்டீ தோட்டங்களில் சேர்ந்தார்கள். அங்கேயும் மலை, அங்கேயும் தேயிலை, அங்கேயும் குளிர். ஆகவே அவர்களுக்கு இது புதிதல்ல. கவாத்து வெட்டிய காய்ந்த குச்சியையும் கற்பூர மரத்துச் சருகையும் கூட்டி மூன்று கல் வைத்துப் போசியைச் சூடாக்கிச் சாப்பிடும் பெண்களை நான் பஸ்ஸில் போகும்போது எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மழை நாளில் அதுவும் பற்றாது.

இப்போது அகலவாய் வைத்த ஸ்டீல் ஜாடி வந்திருக்கிறது. உள்ளே டூவரின் அதே வெற்றிடம், கண்ணாடி மட்டும் இல்லை. சோறும் போகும், கரண்டியும் போகும். நான்கைந்து மணி நேரம் கைசுடும் சூடு நிற்கிறது, முதலில் கொதிநீர் ஊற்றிக் கொட்டினால். என் மகன் வீட்டில் பேத்திக்கு ஒன்று வாங்கியிருக்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறது. விலையைக் கேட்டேன். பறிக்கிற பெண்ணின் இரண்டு மூன்று நாள் கூலி. போன வாரம் கோத்தகிரிக்குப் போன காலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவின் கூடையில் சின்ன ஸ்டீல் பிளாஸ்க் ஒன்று எட்டிப் பார்த்தது. வரக்காப்பி என்றார். சோறு அதன் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில், பழைய ஸ்வெட்டர் கையில் சுற்றி இருந்தது.